இடக்கைப் பொருளும் வலக்கைப் பொருளும்

(வாசகசாலைக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கரி அணுவைப் பற்றியதாகும். நோட்டீசைப் பார்த்ததும் நண்பர் ஒருவர் நம்மிடம் வந்து, "இந்த மேடையில் ரசாயனத்துக்கு என்ன வேலை? ஜனங்கள் கொட்டாவி விடுவார்களே" என்று மிகவும் வருத்தப்பட்டார். கொட்டாவி வந்தால் தாராளமாய் விடலாம். நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால், ஒரு பெரியவர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஒரு காரியத்தை ஒப்புக்கொள்ளாமல், கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, கணக்குப் போட்டு ஒப்புக்கொள்ளுகிற வழக்கம் எப்படி இருக்கும் என்பதை இந்த விஷயம் நன்றாய்க் காட்டுவதாக நமக்குத் தோன்றுகிறபடியால்தான் இதை எடுத்துக்கொண்டோம். அன்றியும், இது நமது வீட்டுப் புளிப்பானையிலும், தயிர்ச்சட்டியிலும், மருந்துக்கடையிலும் இருக்கிற சங்கதியே யல்லாமல் எங்கோ ஆகாயத்தில் இருப்பதல்ல.

முதலில் எல்லோரும் இரண்டு கைகளையும் நீட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஐந்து விரல்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று வரிசையும் ஒன்றே. உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்தால் பொருந்துகின்றன. ஆனால் வலக்கையின் மேல் இடக்கையை இரண்டும் ஒரே முகமாய் இருக்கும்படி வைத்துப் பாருங்கள். கட்டைவிரல்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகின்றன. எத்தனை தரம் திருப்பினாலும் ஒன்று மற்றொன்றாகாது. இடது காற் செருப்பு வலது காலுக்குச் சேராததும் இதனால்தான். தோலும் ஒன்றே, தைத்தவரும் ஒருவரே, அளவும் ஒன்றே, ஆனாலும் சேராது. ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் மற்றொன்று தெரியும். இவ்வளவை மனதில் வைத்துக்கொண்டால் போதும். இனி வருவதெல்லாம் இதன் விரிவுதான்.

நிற்க, முன்பெல்லாம் பண்டிதர்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்றால், ஒரு பொருளில் என்னென்ன சரக்கு எவ்வளவெவ்வளவு இருக்கிறது என்று எடைபோட்டுச் சொல்லிவிட்டால் அந்தப் பொருள் இன்னதென்று முடிந்துபோகும் என்று நினைத்தார்கள். இருநூறு வருஷங்களுக்கு முன்பு, அதாவது 1820-களில், இந்த நினைப்பில் மண் விழுந்தது. ஜெர்மனியில் லீபிக் என்பவர் ஒரு வெள்ளி உப்பை ஆராய்ந்தார். அது தொட்டால் வெடிக்கும். வோலர் என்பவர் வேறொரு வெள்ளி உப்பை ஆராய்ந்தார். அது சாதுவாய்க் கிடக்கும். இரண்டிலும் வெள்ளி, கரி, நைட்ரஜன், பிராணவாயு ஆகியவை ஒரே அளவில் இருப்பதாகக் கணக்கு வந்தது. "உன் கணக்குத் தப்பு" என்று ஒருவரை ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். நம் நாட்டுப் பண்டிதர்களாயிருந்தால் இதற்குள் இரண்டு மடங்களும் இரண்டு நாமங்களும் ஏற்பட்டிருக்கும். அவர்கள் என்ன செய்தார்கள்? மறுபடியும் நிறுத்துப் பார்த்தார்கள். இருவர் கணக்கும் சரியாகவே இருந்தது. பிறகு அவர்கள் உயிருள்ளவரை நண்பர்களாயிருந்தார்கள்.

அப்படியானால் சரக்கு மாத்திரம் போதாது. அடுக்கும் முறையும் வேண்டும் என்று ஏற்பட்டது. ஒரே கணக்குச் செங்கல்லைக் கொண்டு ஒருவன் வீடும் கட்டலாம், ஒருவன் கிணற்றுச் சுவரும் கட்டலாம் அல்லவா? இப்படிச் சரக்கு ஒன்றாயும் கட்டடம் வேறாயும் உள்ள பொருள்களுக்கு 1830-ல் ஸ்வீடன் தேசத்து பெர்சீலியஸ் என்பவர் ஐசோமர் என்று பெயர் வைத்தார். சம பங்குள்ளவை என்பது அதன் பொருள். தமிழில் இப்போது மாற்றியம் என்கிறார்கள்.

இதே வோலர்தான் 1828-ல் மற்றொரு காரியமும் செய்தார். அதுவரையில், உயிருள்ள உடம்பில் உண்டாகும் பொருள்களை மனிதன் பாத்திரத்தில் வைத்துச் செய்ய முடியாது, அதற்கு "ஜீவ சக்தி" என்று ஒன்று வேண்டும் என்று பெரிய பெரிய கனவான்களெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வோலர் அம்மோனியம் சயனேட் என்ற உப்பைச் செய்யப் போய், அது யூரியாவாய் மாறிக் கிடப்பதைக் கண்டார். யூரியா என்றால் இன்று நமது விவசாயத் தோழர்கள் மூட்டை மூட்டையாய் வாங்கி வயலில் தெளிக்கிறார்களே, அதுதான். அதுவரை அது மூத்திரத்திலிருந்து எடுக்கப்பட்டு வந்த பொருள். அம்மோனியம் சயனேட்டும் யூரியாவும் மாற்றியங்கள். சரக்கு ஒன்று, அடுக்கு வேறு. அந்த ஒரு நாளோடு ஜீவ சக்தி ஒழிந்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகைதான். அந்த நம்பிக்கை ஒழிய இன்னும் பல வருஷங்களும் பலருடைய உழைப்பும் வேண்டியிருந்தன. ஆனாலும், சிறுநீரகத்தின் உதவியில்லாமல் யூரியா உண்டாயிற்று என்பதை யாராலும் மறுக்க முடியவில்லை.

மாற்றியங்களில் பல தினுசுகள் உண்டு. மிகச் சாதாரணமானது, எந்த அணு எந்த அணுவின் கையைப் பிடித்திருக்கிறது என்பதிலேயே வித்தியாசம் இருப்பது. கரி அணு இரண்டு, ஹைட்ரஜன் அணு ஆறு, பிராணவாயு அணு ஒன்று. பிராணவாயு ஓரத்தில் நின்றால் அது சாராயம்; 78 டிகிரி சூட்டில் கொதிக்கிற திரவம். அதே பிராணவாயு இரண்டு கரி அணுக்களுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டால் அது சாராயமாகாது. சாதாரண வெயிலிலேயே ஆவியாய்ப் பறக்கிற ஈதர் வகை ஒன்றாகிவிடும். குடிகாரத் தோழர்களுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. (சிரிப்பு)

இரண்டாவது தினுசில், யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்பது மாறுவதில்லை. எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதுதான் மாறுகிறது. இரண்டு கரி அணுக்கள் இரட்டைப் பிணைப்பாய்ப் பிணைந்திருந்தால் அவை சுழல முடியாது. சங்கிலியின் இரு பாதிகளும் ஒரே பக்கமாய் இருந்தால் ஒரு பொருள், எதிரெதிர்ப் பக்கமாய் இருந்தால் மற்றொரு பொருள். எண்ணெய்களில் இருக்கும் ஓலிக் அமிலம் முதல் வகை, வளைந்த சங்கிலி, 13, 14 டிகிரியிலேயே உருகிவிடுமாதலால் நமது ஊர்ச் சூட்டில் எப்போதும் திரவமாகவே இருக்கும். அதன் மாற்றியமான எலைடிக் அமிலம் நேரான சங்கிலி. 45 டிகிரி வரையில் கட்டியாகவே இருக்கும். எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி வனஸ்பதி செய்யும்போது இந்த இரண்டாவது வகையும் உண்டாகிவிடுகிறது. டிரான்ஸ் கொழுப்பு என்று டாக்டர்கள் இருதயத்துக்கு ஆகாது என்பது இதைத்தான். இந்தியாவில் 2022-ம் வருஷம் முதல் எண்ணெய், கொழுப்புகளில் இது நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. கல்யாண வீட்டுப் பலகாரத்தில் சட்டம் நடக்கிறதா என்பது வேறு கேள்வி.

மூன்றாவது தினுசுதான் நாம் பேச வந்த கைப்பேதம். இதைச் சொல்ல வேண்டுமானால் புளியில் ஆரம்பிக்க வேண்டும்.

புளியின் புளிப்புக்கு முக்கிய காரணம் டார்டாரிக் அமிலம் என்ற பொருள். திராட்சையிலும் அதுவே. திராட்சை ரசத்தைப் பீப்பாயில் ஊற வைத்தால் பீப்பாயின் ஓரத்தில் உப்புப் படிகிறதே, அதிலிருந்து 1769-ல் ஷீலே என்பவர் அந்த அமிலத்தைப் பிரித்தார். இந்த அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து அதன் வழியாக ஒருவித ஒளியைச் செலுத்தினால் அந்த ஒளி திரும்புகிறது. சாதாரண ஒளி எல்லாப் பக்கமும் ஆடுவது. அதை ஒரு தனிப் பளிங்கின் வழியாய் விட்டால் ஒரே தளத்தில் மாத்திரம் ஆடும் ஒளியாய் வடிகட்டப்படும். அந்த ஒளியின் தளத்தைச் சில பொருள்கள் வலப்பக்கமும், சில பொருள்கள் இடப்பக்கமும் திருப்புகின்றன என்பதை 1815-ல் பாரிஸில் பியோ என்பவர் கண்டார். கற்பூரத்திலும், டர்ப்பன்டைனிலும், சர்க்கரையிலும் இந்தக் குணம் உண்டு. இன்றைக்கும் கரும்பாலைப் பரிசோதனை அறையில் சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று பார்ப்பது இந்தத் திருப்பத்தை அளந்துதான்.

புளியின் அமிலம், திராட்சையின் அமிலம் எல்லாம் ஒளியை வலப்பக்கம் திருப்புவன. ஆனால், பிரான்சில் ஒரு தொழிற்சாலையில் 1820-ஐ ஒட்டி வேறொரு அமிலம் கிடைத்தது. சரக்கு அதே சரக்கு. எடை அதே எடை. ஆனால் ஒளியை அது திருப்பவே இல்லை. ரசீமிக் அமிலம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1844-ல் மிட்சர்லிக் என்ற பெரிய ஜெர்மன் பண்டிதர், இவ்விரண்டின் ஒருவித உப்புகளும் படிக வடிவம் உள்பட எல்லாவற்றிலும் ஒன்றே, ஒளி விஷயத்தில் மாத்திரம் வேறு என்று எழுதிவிட்டார். பெரியவர் எழுதிவிட்டபடியால் யாரும் மறுபடி பார்க்கவில்லை.

1848-ம் வருஷம் வந்தது. அந்த வருஷம் பிப்ரவரி மாதத்தில் பாரிஸ் ஜனங்கள் தங்கள் அரசனை ஊரைவிட்டே ஓட்டினார்கள். அதே பாரிஸில் லூயி பாஸ்டர் என்ற 25 வயதுப் பையன், ஆம், பிற்காலத்தில் நாய்க்கடிக்கு ஊசி கண்ட அதே பாஸ்டர்தான், அந்த உப்புகளைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தான். பெரியவர் ஒன்றே என்று எழுதியிருந்த படிகங்கள் ஒன்றாயில்லை. ரசீமிக் உப்பின் படிகங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சாய்ந்த முகம் இருந்தது. சிலவற்றில் அது வலப்பக்கம்; சிலவற்றில் இடப்பக்கம். ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழல். கையில் சிறு இடுக்கியை எடுத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குவது போல் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, இடக்கைப் படிகங்களை ஒரு குவியலாயும் வலக்கைப் படிகங்களை மற்றொரு குவியலாயும் வைத்தான். தனித்தனியே கரைத்து ஒளியைச் செலுத்தினான். ஒன்று வலப்பக்கம் திருப்பிற்று. மற்றொன்று அதே அளவு இடப்பக்கம் திருப்பிற்று. இரண்டையும் சம அளவில் கலந்தால் திருப்பம் ஒன்றுமில்லை. ரசீமிக் அமிலத்தின் ரகசியம் அவ்வளவுதான். வரவும் செலவும் சரியாய்ப் போன கணக்கு.

இங்கே ஒரு சிறு சங்கதி சொல்ல வேண்டும். அந்த உப்பு இப்படி இடம் வலமாய்த் தனித்தனிப் படிகமாவது சுமார் 27 டிகிரி சூட்டுக்குக் கீழேதான். அதற்கு மேல் போனால் இரண்டும் சேர்ந்தே ஒரே படிகமாகிவிடும். பாரிஸின் குளிரில் நடந்த இந்தக் காரியம் சென்னையின் சித்திரை மாதத்தில் நடந்திருக்காது. கண்டுபிடித்தவனுடைய புத்தியோடு அவன் ஊர்த் தட்பவெப்பமும் சேர்ந்தது என்று சொல்லுவதில் பாஸ்டருக்கு ஒரு குறைவும் இல்லை.

இனி, நமக்கு மிகவும் பிடித்த பகுதி. பியோ அப்போது 74 வயதுக் கிழவர். ஒளி திருப்பத்தைக் கண்டுபிடித்தவரே அவர்தான். பையனுடைய சேதி அவர் காதுக்கு வந்ததும், "மிக்க சந்தோஷம்" என்று மாலை போட்டாரா? இல்லை. "நாத்திகப் பயல், பெரியவர்களை எதிர்க்கிறான்" என்று திட்டினாரா? அதுவும் இல்லை. பையனைத் தம் இடத்துக்கு வரவழைத்தார். தாமே பரிசோதித்து வைத்திருந்த ரசீமிக் அமிலத்தைக் கொடுத்தார். சேர்க்க வேண்டிய காரங்களையும் தாமே கொடுத்தார். தம் கண் முன்னே உப்பைச் செய்யச் சொல்லி, அந்தத் திரவத்தைத் தம் அறையிலேயே வைத்துக்கொண்டார். படிகம் கட்டியதும் மறுபடி வரச்சொல்லி, தம் முன்னாலேயே பொறுக்கச் செய்து, எது இடப்பக்கம் திருப்பும், எது வலப்பக்கம் திருப்பும் என்று முன்கூட்டியே சொல்லச் செய்தார். பிறகு தாமே கரைத்து, தாமே கருவியில் வைத்துப் பார்த்தார். பையன் சொன்னபடியே இடப்பக்கம் திரும்பிற்று. அதன் பிறகுதான் கிழவர் உருகிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று முதல் அவனுக்குத் தகப்பனைப்போல் இருந்து வந்தார்.

தோழர்களே! சந்தேகப்படுவது ஒருவரை அவமதிப்பதாகும் என்று நமக்குச் சிறு வயது முதல் சொல்லி வைத்திருக்கிறார்கள். பியோவின் சந்தேகத்தால் பாஸ்டருக்கு அவமானமா உண்டாயிற்று?

நிற்க, படிகத்தில் கைப்பேதம் தெரிகிறது சரி. ஆனால் தண்ணீரில் கரைந்த பிறகும் திருப்பம் இருக்கிறதே! படிகம்தான் உடைந்துபோயிற்றே! ஆகவே கைப்பேதம் அணுக்களின் கூட்டத்திலேயே, அதாவது மூலக்கூறிலேயே இருக்க வேண்டும் என்று பாஸ்டர் சொன்னார். எப்படி இருக்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைச் சொன்னவர்கள் 26 வருஷம் கழித்து வந்த இரண்டு வாலிபர்கள். ஒருவர் ஹாலந்து தேசத்து வான்ட் ஹாஃப், வயது 22. மற்றவர் பிரான்சு தேசத்து ல பெல், வயது 27. இருவரும் ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமலே 1874-ல் சில வாரங்கள் முன்பின்னாக ஒரே முடிவை வெளியிட்டார்கள்.

அந்த முடிவு இதுதான். கரி அணுவுக்கு நான்கு கைகள். அதுவரையில் காகிதத்தில் சிலுவை மாதிரிப் போட்டு வந்தார்கள். காகிதம் தட்டை, ஆகவே அணுவும் தட்டை என்பது போல் நினைப்பு. வாலிபர்கள் சொன்னது, நான்கு கைகளும் நெருஞ்சி முள்ளைப்போல் நாலு திசையிலும் நீண்டிருக்கின்றன, எப்படிப் போட்டாலும் மூன்று தரையில் ஊன்றி ஒன்று மேலே நிற்கும் என்பது.

நாம் இங்கே மேஜையின் மேல் இரண்டு களிமண் உருண்டைகள் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் நெருஞ்சி முள் மாதிரி நான்கு ஈர்க்குச்சிகள் செருகியிருக்கின்றன. நுனிகளில் ஒரு குன்றிமணி, ஒரு புளியங்கொட்டை, ஒரு கத்தரிக்காய்த் துண்டு, ஒரு பஞ்சு உருண்டை. நான்கும் வெவ்வேறு. குன்றிமணியை மேலே பிடித்துக்கொண்டு மேலிருந்து பார்த்தால் ஓர் உருண்டையில் புளியங்கொட்டை, கத்தரிக்காய், பஞ்சு என்ற வரிசை கடிகார முள் சுற்றுகிற திசையில் போகிறது. மற்றதில் எதிர்த்திசையில் போகிறது. எப்படித் திருப்பினாலும் ஒன்று மற்றொன்றாகாது. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். இப்போது பஞ்சை எடுத்துவிட்டு இன்னொரு குன்றிமணியைக் குத்திப் பாருங்கள். பேதம் போய்விட்டது! இரண்டு உருண்டைகளும் ஒன்றாகிவிட்டன. ஆகவே நான்கு கைகளிலும் நான்கு வெவ்வேறு பொருள்களைப் பிடித்திருக்கும் கரி அணுவுக்குத்தான் இடம் வலம் உண்டு. அப்படிப்பட்டதைக் கைரல் கரி அணு என்கிறார்கள். கைரல் என்ற சொல்லைக் கெல்வின் பிரபு 1893-ல் வழக்கில் கொண்டுவந்தார். கிரேக்க மொழியில் கை என்று பொருள். நம்முடைய "கை"யோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே. கிரேக்கன் நம்மிடம் படித்தான் என்று இதை வைத்து யாரும் கிளம்பிவிட வேண்டாம். (சிரிப்பு)

தயிரைப் புளிக்கச் செய்கிற லாக்டிக் அமிலம் இதற்கு நல்ல உதாரணம். அதன் நடுக் கரி அணு ஒரு கையில் ஹைட்ரஜன், ஒரு கையில் ஹைட்ராக்சில், ஒரு கையில் மெதில், ஒரு கையில் அமிலக் கூட்டம் ஆக நான்கைப் பிடித்திருக்கிறது. நாம் ஓடினால் நமது சதையில் உண்டாவது ஒரு கைப் பொருள் மாத்திரம். தயிரில் எந்தக் கிருமி வேலை செய்கிறதோ அதைப் பொறுத்து ஒரு கையோ, இரண்டு கைகளுமோ உண்டாகும். டார்டாரிக் அமிலத்திலோ அப்படிப்பட்ட கரி அணுக்கள் இரண்டு. இரண்டும் ஒரு விதமாயிருந்தால் வலம். இரண்டும் மறுவிதமாயிருந்தால் இடம். ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் இருந்தால் ஒரே மூலக்கூறுக்குள்ளேயே கணக்குத் தீர்ந்து, கைரல் அணு இருந்தும் திருப்பமில்லாத மூன்றாவது வகையாகிவிடும். குளுக்கோஸ் சர்க்கரைக்கு நான்கு; அதற்கு 16 வடிவங்கள். அந்தப் பதினாறையும் எமில் ஃபிஷர் என்பவர் 1890-களில் கணக்கிட்டு வரிசைப்படுத்தினது ஒரு தனிக் கதை. அது இருக்கட்டும்.

வாலிபர்கள் சொன்னதும் உலகம் ஒப்புக்கொண்டதா? லைப்சிக் நகரத்தில் கோல்பே என்று பெரும் பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவர் 1877-ல் ஒரு கட்டுரை எழுதினார். வான்ட் ஹாஃப் அப்போது ஒரு மிருக வைத்தியப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். அதைச் சொல்லிக் காட்டி, மாட்டு வைத்தியப் பள்ளியிலிருந்து இறக்கை முளைத்த குதிரை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு இவன் ஆகாயத்தில் பறந்து அணுக்களைப் பார்த்து வந்தான் போலும் என்று ஏளனம் செய்தார். கவனியுங்கள். சொன்னது சரியா தப்பா என்று பரிசோதிக்கவில்லை. சொன்னவன் எங்கே வேலை செய்கிறான் என்று பார்த்தார். நமது ஊரில் "இவன் என்ன ஜாதி, இவனுக்கு என்ன தெரியும்" என்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இத்தனைக்கும் இந்தக் கோல்பே லேசுப்பட்டவர் அல்ல. காடியின் அமிலத்தை உயிரில்லாத சரக்கிலிருந்தே 1845-ல் செய்து காட்டி ஜீவ சக்தியின் முதுகில் ஓர் அடி போட்டவர் அவர். ஒரு விஷயத்தில் புத்தியுள்ளவர் மற்றொரு விஷயத்தில் மூடராயிருப்பது சகஜம். வான்ட் ஹாஃப் வசவுக்கு வசவு சொல்லவில்லை. கணக்கு ஒவ்வொன்றாய்ச் சரியாகிக்கொண்டே வந்தது. ரசாயனத்துக்கு நோபல் பரிசு என்று ஏற்பட்டதும் 1901-ல் முதல் பரிசு வாங்கினவர் அவரே; அது வேறு ஆராய்ச்சிகளுக்காக. கோல்பே அதைப் பார்க்க இல்லை, 1884-ல் இறந்துபோனார். 1951-ல் பைஃபூட் என்பவர் எக்ஸ் கதிரைக் கொண்டு டார்டாரிக் அமில உப்பில் எந்த அணு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையே கண்டு சொன்னார். அதைச் செய்த இடம், வான்ட் ஹாஃப் அந்த மிருக வைத்தியப் பள்ளியில் உத்தியோகம் பார்த்த அதே உட்ரெக்ட் நகரம்.

பாஸ்டரையும் நாம் சாமியாக்கிவிடக்கூடாது. கைப்பேதம் உயிருள்ளவற்றுக்கே சொந்தம், உலகத்தில் ஏதோ ஒரு பெரிய இடம்-வல சக்தி அதை உண்டாக்குகிறது என்று அவர் நம்பினார். அதற்காகக் காந்தத்தை வைத்துப் பார்த்தார்; செடியைக் கடிகார யந்திரத்தில் வைத்துச் சுழற்றினார்; கண்ணாடி வைத்துச் சூரியன் எதிர்த்திசையில் போவது போல் காட்டி வளர்க்கவும் முயன்றார். ஒன்றும் பலிக்கவில்லை. பலிக்கவில்லை என்பதை மறைத்து வைக்காதது அவருடைய பெருமை.

இதனால் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நமது உடம்பே கைப்பேதத்தால் ஆனது. மாமிசம், முட்டை, பருப்பு எல்லாவற்றிலும் உள்ள புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள் இடக்கையாகவே இருக்கின்றன. அவற்றுள் மிகச் சிறியதான கிளைசினுக்கு மாத்திரம் கைப்பேதம் கிடையாது. சர்க்கரைகளோ வலக்கை. நமது நாட்டில் ஜாதிகளையே வலங்கை என்றும் இடங்கை என்றும் பிரித்து, எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது என்று 1707-ல் சென்னைப் பட்டணத்தில் கலகம் நடந்து, வெள்ளைக்கார கவர்னர் வந்து பஞ்சாயத்துச் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சண்டைக்காரர்கள் அத்தனை பேருடைய சதையும் இடக்கை. அவர்கள் தின்ற வெல்லம் வலக்கை!

உடம்பு கைப்பேதமுள்ளதாகையால், உள்ளே போகிற பொருளின் கையையும் அது பார்க்கிறது. கார்வோன் என்று ஒரு பொருள். ஒரு கை வடிவம் ஸ்பியர்மிண்ட் என்ற புதினாவின் வாசனை. மறுகை வடிவம் சதகுப்பையின் வாசனை. அணு ஒன்றுகூட வித்தியாசமில்லை, மூக்குக்குத் தெரிகிறது. வறட்டு இருமலுக்குக் கொடுக்கிற டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்ற மருந்துக்குக் கண்ணாடி நிழலாயிருப்பது அபின் இனத்தைச் சேர்ந்த கடுமையான போதைச் சரக்கு. வலது காற் செருப்பு இடது காலுக்குச் சேராது என்றோமே, இங்கே வேறொருவன் காலுக்கே சேர்ந்துவிடுகிறது.

தாய்மார்கள் இங்கே வந்திருப்பதால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. ஒரு கெடுதலும் இல்லை என்று விளம்பரம். கர்ப்பிணிகள் மசக்கைக்கும் சாப்பிட்டார்கள். கை கால் வளராமல் குழந்தைகள் பிறந்தன. உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கு மேல். ஜெர்மனியில் லென்ஸ் என்ற குழந்தை வைத்தியரும், ஆஸ்திரேலியாவில் மெக்பிரைட் என்ற வைத்தியரும் காரணத்தைக் கண்டு கூவினதும் 1961 முடிவில் மருந்து நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் அது கடைக்கே வரவில்லை. ஏன்? சர்க்கார் மருந்து இலாகாவில் பிரான்செஸ் கெல்சி என்ற அம்மையார் 1960-ல் அந்த மனுவைப் பார்த்துவிட்டு, "இந்த அத்தாட்சி போதாது, இன்னும் கொண்டு வா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கம்பெனிக்காரர்கள் நடையாய் நடந்தார்கள், மேலதிகாரிகளிடம் புகார் செய்தார்கள். அம்மையார் அசையவில்லை.

ஆனால் இங்கேயும் ஒரு மூடநம்பிக்கை புகுந்துவிட்டது. தாலிடோமைடில் வலக்கை வடிவம் நல்லது, இடக்கை வடிவம் கெட்டது. வலக்கையை மாத்திரம் பிரித்துக் கொடுத்திருந்தால் ஒரு குழந்தைக்கும் கெடுதல் வந்திராது என்று பள்ளிக்கூடப் பாடங்களில்கூடச் சொல்லுகிறார்கள். கேட்பதற்கு அழகான கதை. உண்மை என்னவென்றால், அந்த மருந்து உடம்பின் உள்ளே போனதும் சில மணி நேரத்திலேயே ஒரு கை மறுகையாய் மாறிக்கொண்டே இருக்கிறது. சுத்தமான வலக்கையைக் கொடுத்திருந்தாலும் இரத்தத்தில் இரண்டும் உண்டாகியிருக்கும். செரிப்ளான் என்ற புரதத்தை அந்த மருந்து பற்றிக்கொள்ளுவதுதான் கெடுதலுக்கு வழி என்று 2010-ல் ஜப்பானில் கண்டார்கள். அதை இடக்கை வடிவமே அதிகமாய்ப் பற்றுகிறது என்பது வாஸ்தவம்தான். ஆனால் அதனால் வலக்கை மாத்திரை தாய்மார்களைக் காப்பாற்றியிருக்கும் என்று ஆகாது. விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்படும் கதையையும் பியோவைப்போல் கருவியில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த மருந்தே 1998-ல் தொழுநோயில் வரும் ஒருவகைக் கொப்புளக் கட்டிக்கு, கர்ப்பத்துக்கு இடமில்லாதபடி கடுங் கட்டுப்பாட்டோடு, அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. மருந்துக்குப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

1992 முதல் அமெரிக்க மருந்து இலாகா, கைப்பேதமுள்ள மருந்து கொண்டு வருகிறவர்கள் இரண்டு கைகளைப் பற்றியும் கணக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறது. நல்லதுதான். இதில் வியாபாரமும் புகாமல் இல்லை. பழைய மருந்தின் உரிமைக் காலம் முடிந்ததும் அதில் ஒரு கையை மட்டும் பிரித்துப் புதுப் பெயரும் புது விலையும் போடுவது உண்டு. தும்மலுக்குத் தருகிற செட்டிரிசின் 10 மில்லிகிராம் மாத்திரையில் இரண்டு கைகளும் பாதிப் பாதி. லெவோசெட்டிரிசின் 5 மில்லிகிராமில் வேலை செய்கிற கை மாத்திரம். கணக்குப் பார்த்தால் முதல் மாத்திரையிலும் அதே 5 மில்லிகிராம்தான் வேலை செய்கிறது. டாக்டரிடம், "இரண்டில் எது, ஏன்?" என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

ஒரு தோழர் சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார்: "உயிர்களில் எல்லாப் புரதமும் இடக்கையாய் இருப்பது கடவுள் செயல் அல்லவா?" நல்ல கேள்வி. இதற்கு முடிவான விடை இதுவரை கிடைக்கவில்லை. 1969-ல் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லில் சில அமினோ அமிலங்கள் இடக்கைப் பக்கம் சற்று அதிகமாய் இருந்ததை அளந்திருக்கிறார்கள். ஆகவே ஆரம்பச் சாய்வு ஆகாயத்திலிருந்தே வந்திருக்கலாம் என்பது ஒரு கட்சி. ஆதியில் தற்செயலாய் முந்திக்கொண்ட கை பெருகிவிட்டது என்பது ஒரு கட்சி. தோழர் எழுதிய பெயரை விடையாய்ப் போட்டுவிட்டால் யாரும் விண்கல்லைப் பொடித்து அளக்கப் போவதில்லை. யூரியாவுக்கும் முன்பு ஜீவ சக்தி என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள்.

நேரமாகிவிட்டது. களிமண் உருண்டைகள் மேஜைமேல் இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். குன்றிமணியைப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளாமல் மாத்திரம் பார்த்துக்கொள்ளுங்கள், அது விஷம்.